நாலு வீடு மாறிய விளக்கு

வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்குச் சென்னைப் பட்டணத்தைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எங்கள் குடும்பத்தில் என்னைச் சேர்ந்ததாகி வெகு காலமாயிற்று. கல்யாணத்துக்கு வந்தவர்களாயினும் சரி, கண் வைத்தியத்துக்கு வந்தவர்களாயினும் சரி, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வந்தவர்களாயினும் சரி, வந்த காரியம் முடிந்து ரயிலேறுவதற்கு முன் மிஞ்சுகிற அரை நாளில் பட்டணத்தில் பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அப்படிப் பார்க்க முடியாது என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்துவிட்ட விஷயம். அந்த வயதில் என் தகப்பனார் என்னை ஒரு பேருந்துச் சுற்றுலாவில் வேறோர் ஊருக்கு அழைத்துச் சென்றார். ஒரே பகலில் பதினான்கு ஸ்தலங்கள். அவற்றில் ஒரு கோபுரமும் ஒரு மாளிகையும் இன்று என் மனக்கண்ணில் எழும்பவில்லை. முன் ஆசனத்தில் கிழிந்து தொங்கிய ரெக்ஸின் துணியும், நின்ற இடத்திலெல்லாம் கையைத் தட்டி "பத்தே நிமிஷம், பத்தே நிமிஷம்" என்று எங்களைத் துரத்திய வழிகாட்டியின் குரலுமே ஞாபகத்தில் இருக்கின்றன.

ஆகையால் சென்ற தை மாதத்தில் திருவையாற்றிலிருந்து என் அத்தை, தன் மகள் வயிற்றுப் பேரனோடு வந்திருந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு நண்பரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டேன். அவர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டணத்தின் பழைய தெருக்களைத் தம் உள்ளங்கை ரேகைகளைப்போல் அறிந்தவர். வருஷந்தோறும் ஆகஸ்டு மாதம் சென்னை தினத்தையொட்டி நடக்கும் பாரம்பரிய நடைப்பயணங்களில் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர். அவருடைய முறை மிகவும் எளியது. ஓர் ஊரில் உள்ள பெரிய கட்டடங்களையெல்லாம் வரிசையாகக் காட்டிக்கொண்டு போனால் பார்ப்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது. ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, அந்த நூல் போகிற வழியில் எதிர்ப்படுவதை மட்டும் நின்று பார்க்க வேண்டும் என்பார். சென்னையில் அவர் பிடித்துக்கொள்ளும் நூல் கலங்கரை விளக்கம். 1796-ஆம் வருஷத்தில் முதன்முதலாக ஏற்றப்பட்ட அந்த விளக்கு, இன்றுவரை நான்கு வீடுகளில் குடியிருந்திருக்கிறது. முதல் வீட்டிலிருந்து நான்காவது வீட்டுக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தூரத்துக்குள் பட்டணத்தின் சரித்திரத்தில் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது.

முதல் வீடு, புனித ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பிரதிநிதியாகிய பிரான்சிஸ் டே என்பவர், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து இந்தக் கடற்கரை மணல் துண்டைப் பெற்றது 1639-இல். அதற்கு அடுத்த வருஷம் கோட்டை வேலை தொடங்கியது. இன்று சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ளே இருப்பதால், வாசலில் பையைச் சோதித்து, அடையாள அட்டையைக் கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். ஏறத்தாழ 150 அடி உயரமுள்ள கொடிமரத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்ற என் அத்தை, சாலையின் எதிர்ப்புறத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, கடலோரத்துக் கோட்டைன்னு சொன்னியே, கடல் எங்கேடா?" என்று கேட்டாள்.

வழிகாட்டி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் மகிழ்ந்துபோனார். "அம்மா, இந்தக் கேள்விக்கு நான் இப்போ பதில் சொல்ல மாட்டேன். கடைசி வீட்டுக்குப் போறதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சுடும்" என்றார். ஆனால் ஒன்றை மட்டும் அங்கேயே சொன்னார். கோட்டை கட்டிய காலத்தில் சமுத்திரத்தின் அலைகள் அதன் கீழ்ச்சுவருக்கு வெகு சமீபத்தில் வந்து புரண்டுகொண்டிருந்தன. கப்பல் வந்து ஒதுங்குவதற்கு ஒரு குடாவோ, ஆற்று முகமோ, பாறைத் தடுப்போ இல்லாத நேர்க்கோடான கரை இது. ஆகவே கப்பல்கள் வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மனிதர்களும் சரக்கும் மசூலா என்னும் படகுகளிலேயே கரை சேர வேண்டியிருந்தது. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்திருப்பார்கள். அலை அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகோ வளைந்து கொடுக்கும் என்பது நம் கரையோரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்த சூட்சுமம். கவர்னர்களும் அவர்களுடைய பத்தினிமாரும் நீதிபதிகளும், இந்தப் பட்டணத்தில் முதன்முதல் கால் வைக்குமுன் அந்தப் படகோட்டிகளின் கைத்திறனுக்குத் தங்கள் பிராணனை ஒப்படைத்தவர்களே.

அப்படிப்பட்ட கரையில் இரவு வேளையில் வரும் மாலுமிக்கு வழிகாட்ட, கோட்டைக்குள் வர்த்தகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்கென்று கட்டிய கட்டடத்தின் மேல்மாடத்தில் எண்ணெய் விளக்கு ஒன்றை ஏற்றினார்கள். அந்தக் கட்டடம் இப்போது கோட்டை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை என்பதை முன்னதாகவே தெரிந்துகொண்டு போவது நல்லது. உள்ளே வாட்களும் துப்பாக்கிகளும் பீங்கான் கலங்களும் துரைமார் சித்திரங்களும் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் நாங்கள் விரைவாகக் கடந்துவிட்டோம். நின்று பார்த்தது ஒரே ஒரு பொருளை. 1947 ஆகஸ்டு 15 அன்று இந்தக் கோட்டையின்மீது ஏற்றப்பட்ட மூவர்ணப் பட்டுக்கொடியை. மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால், விரித்துவைத்த நிலையில் அது இருக்கிறது. சாயம் மங்கியிருந்தாலும் பட்டு இழையின் மினுமினுப்பு சில இடங்களில் இன்னும் போகவில்லை. சேலைத் துணியில் தேர்ந்த கண்ணுள்ள என் அத்தை வெகு நேரம் அங்கேயே நின்றாள்.

அருங்காட்சியகத்திலிருந்து சிறிது நடந்தால் புனித மேரி தேவாலயம். 1680-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்ட இந்த ஆலயம், இந்தியாவில் உள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்களுக்குள் மிகவும் மூத்தது. இங்கேதான் அவ்வருஷமே எலிஹு யேல் என்பவரின் விவாகமும், 1753-இல் ராபர்ட் கிளைவின் விவாகமும் நடந்தன. யேல் பின்னால் இந்தக் கோட்டைக்குக் கவர்னராகி, இங்கே ஈட்டிய செல்வத்தில் ஒரு சிறு பங்கை அமெரிக்காவில் இருந்த ஒரு கல்லூரிக்கு அனுப்ப, அக்கல்லூரி அவர் பெயரையே சூட்டிக்கொண்டு இன்று உலகப் பிரசித்தி பெற்ற பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆலயத்தின் கூரை மரத்தாலானதன்று; பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி, வளைவு வளைவாகக் கனத்த செங்கற் கட்டடமாக எழுப்பியிருக்கிறார்கள். பிரார்த்தனை செய்யும் இடத்தைப் பீரங்கியை நினைத்துக் கட்டவேண்டியிருந்த காலம் அது.

ஆனால் இந்த ஆலயத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் வெளி முற்றத்தைத்தான். முற்றம் முழுவதும் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. ஆள் உயரமும் அதற்கு மேற்பட்டதுமான கருங்கற் பலகைகள். லத்தீனிலும் போர்த்துக்கீசிலும் ஆங்கிலத்திலும் ஆழமாக வெட்டிய எழுத்துக்கள். குடும்பச் சின்னங்களும் பூக்கொடிகளும் மண்டையோட்டு உருவங்களும் விளிம்பில். கற்களின் கீழே எவரும் புதைக்கப்படவில்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வடக்கே, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1758-ஆம் வருஷக் கடைசியில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த இடுகாட்டின் உயர்ந்த சமாதிகளை மறைவிடமாகக் கொண்டு எதிரிகள் சுட்டதனால், முற்றுகை விலகியபின் சமாதிகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பாவினார்கள். இரண்டு சமாதிகளை மாத்திரம் இடிக்காமல் விட்டார்கள். அவற்றுள் ஒன்றில் யேலின் பாலகன் அடக்கமாயிருக்கிறான். முற்றத்துக் கற்களில் ஒன்று 1652-இல் மரணமடைந்த எலிசபெத் பேக்கர் என்னும் அம்மையாருடையது. இத்தேசத்தில் காணப்படும் ஆங்கிலக் கல்லறை எழுத்துக்களில் இதற்கு முந்தியது கிடைப்பது அரிது.

நாங்கள் எல்லோரும் சாதாரணமாக அந்தக் கற்களின்மேல் நடந்து ஆலய வாசலுக்குப் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் அத்தை வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த குறுகிய சந்துகளில் மட்டும் பாதத்தை வைத்து, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி, ஓடையைக் கடப்பவள்போல் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தாள். "என்ன அத்தை?" என்றேன். "எழுத்தை மிதிக்கப்படாதுடா. அதுவும் செத்தவா பேரு" என்றாள். பேரனும் உடனே செருப்பைக் கழற்றினான். அந்தக் கல்வெட்டுக்களைப்பற்றி நான் படித்த எந்தப் புஸ்தகமும் அவற்றின்முன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நாங்களும் திரும்பி வந்து அவள் வந்த வழியே நடந்தோம்.

இரண்டாவது வீடும் மூன்றாவது வீடும் அடுத்தடுத்து, உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. வளாகத்துக்குள் செல்லக் கட்டுப்பாடு உண்டு; அனுமதி பெற்றே போக வேண்டும். 1844-இல் முதன்முதல் ஒளிவிட்ட இரண்டாவது விளக்கு, கிரேக்க தேசத்துக் கோயில் தூணைப்போல் அடி பருத்து, மேலே செல்லச் செல்லச் சிறுத்து, ஏறத்தாழ 125 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஒரு தனித் தூண். அலங்காரமென்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஐம்பது வருஷம் ஒளி தந்துவிட்டு, தலையில் விளக்கில்லாமல் நிற்கும் அந்தத் தூணின் அடியில் நின்று கருங்கல்லில் கையை வைத்தபோது, வெயில் ஏறிய அந்த நேரத்திலும் நிழற்பக்கம் குளிர்ந்திருந்தது. என் அனுபவத்தில் இங்கே வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அந்தத் தூணை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பக்கத்திலுள்ள செந்நிறக் கட்டடம் கண்ணை இழுத்துக்கொண்டுவிடுகிறது.

இழுக்கத்தான் செய்யும். ஹென்றி இர்வின் முதலிய சிற்பிகளின் மேற்பார்வையில் எழுந்து 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடம், வட இந்திய மசூதிகளின் குவிமாடத்தையும், ராஜபுத்திர மாளிகைகளின் மாடத்தையும், ஐரோப்பியக் கட்டடக் கணக்கையும் ஒன்று சேர்த்துச் செங்கல்லில் எழுதிய காவியம். நடைகூடங்களின் கூரையில் தீட்டிய வர்ணக் கோலங்களும், சன்னல்களின் நிறக் கண்ணாடிகளும் ஒரு நாள் முழுவதும் பார்க்கத்தக்கவை. அதன் குவிமாடங்களுள் மிக உயர்ந்ததன் உச்சிக்கு 1894-இல் கலங்கரை விளக்கம் குடிபெயர்ந்தது. பகலில் நியாயம் வழங்கிய கட்டடம் இரவில் கடலோடிகளுக்கு வழிகாட்டியது என்று வழிகாட்டி சொன்னபோது அத்தை மிகவும் சந்தோஷப்பட்டாள். இந்த இடத்துக்கே இன்னொரு பூர்வ சரித்திரமும் உண்டு: பட்டணத்தின் ஆதிக் கோயிலாகிய சென்னகேசவப் பெருமாள் கோயில் இங்கேதான் இருந்தது. கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டுமென்று 1757-இல் அதை இடித்துவிட்டு, பிறகு பூக்கடைப் பகுதியில் புதிதாகக் கட்டிக்கொள்ள நிலம் கொடுத்தார்கள்.

கிழக்குப்புறச் சுற்றுச்சுவர் அருகே வழிகாட்டி எங்களை நிறுத்தி ஒரு சிறு கல்லைக் காட்டினார். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் இருளில் வந்து பட்டணத்தின்மீது குண்டு வீசியபோது, இவ்விடத்தில் ஒரு குண்டு விழுந்தது என்பதை அந்தக் கல் தெரிவிக்கிறது. துறைமுகத்துக்கு அருகிலிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்து வானமே சிவந்துபோயிற்று. மறுநாள் ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ரயிலடிக்கு ஓடினார்கள். யுத்தம் தொடங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. இருந்தும் குவிமாடத்தின்மேல் விளக்கு அன்றிரவும் வழக்கம்போல் எரிந்துகொண்டுதான் இருந்தது. "விளக்குக்குச் சினேகிதன் யாரு, சத்ரு யாருன்னு தெரியுமா?" என்றார் வழிகாட்டி. "எம்டன்" என்ற பெயரைக் கேட்டதும் அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் மாமனாரைத் தெருவே "எம்டன்" என்றுதான் சொல்லுமாம். யாருக்கும் பிடிபடாமல் திடீரென்று வந்து நின்று எல்லாரையும் கிடுகிடுக்க வைக்கிறவர் என்று அர்த்தம். அது ஒரு கப்பலின் பெயர் என்பதை எழுபத்திரண்டு வயதில், அந்தக் கப்பலின் குண்டு விழுந்த சுவரடியில் நின்று அவள் தெரிந்துகொண்டாள்.

அங்கிருந்து ஆட்டோவில் தெற்கே திரும்பினோம். தீவுத்திடலுக்கு அருகே நடுச்சாலையில் குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோவின் சிலையருகே ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி, "குதிரைக்குச் சேணம் இருக்கா பார்" என்று பையனிடம் வழிகாட்டி சொன்னார். அவன் எட்டிப் பார்த்து, "இல்லே, கால் வைக்கிற வளையமும் இல்லே!" என்று கூவினான். சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் வெகு காலமாக ஒரு கதை வழங்குகிறது. ஆனால் புராதன ரோமாபுரிச் சிற்ப மரபில் சேணமில்லாத குதிரை சகஜம். கூவம் ஆற்றைத் தாண்டியதும் மெரினா. பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், மாநிலக் கல்லூரி, தேவிபிரசாத் ராய் சௌதுரி வடித்த உழைப்பாளர் சிலை, 1968-இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பிய புலவர்களின் சிலைகள் என்று வலமும் இடமுமாக வந்துகொண்டே இருந்தன. எங்கள் நூல் விளக்கு; ஆகையால் இவற்றை வண்டியிலிருந்தபடியே வணங்கிச் சென்றோம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறங்கினோம். கடலைப் பார்த்து அரைவட்டமாக முகப்பு வளைந்து நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை ஐஸ் ஹவுஸ் என்றே ஜனங்கள் இன்றும் அழைக்கிறார்கள். 1842 வாக்கில் அமெரிக்கப் பனிக்கட்டி வியாபாரியாகிய பிரெடரிக் டியூடரின் கம்பெனிக்காக எழுந்த கட்டடம் இது. பாஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நாலு மாதக் கப்பல் பிரயாணத்தில் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தக் கரையின் அலைகளில் மசூலாப் படகுகள் சுமந்து வந்தவற்றில் அமெரிக்க ஏரியின் பனிக்கட்டியும் ஒன்று என்பதை நினைக்கும்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யக் கற்றுக்கொண்டதும் வியாபாரம் நொடித்துப்போய், வீடு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலின் கைக்கு வந்தது. மேல்நாட்டில் கீர்த்தி பெற்றுத் திரும்பிய விவேகானந்த ஸ்வாமிகள் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் இங்கே தங்கினார். பின்னர், சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் வயதில் விதவைகளான பெண் குழந்தைகளைத் தலை நிமிர்ந்து படிக்கச் செய்த விடுதியும் இதே வீட்டில்தான் நடந்தது. ஸ்வாமிகளைப்பற்றிய செய்தியைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்த அத்தை, இதைக் கேட்டதும் தூணில் கையை ஊன்றிக்கொண்டாள். அவளுடைய சொந்தப் பெரியம்மா பதினோரு வயதில் அந்த நிலைக்கு ஆளாகி, கொல்லைப்புற அறையிலேயே ஐம்பது வருஷம் வாழ்ந்து முடித்தவள். "இங்கே வந்திருந்தாளானா..." என்று தொடங்கியவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. வழிகாட்டியும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நல்ல வழிகாட்டிக்கு எப்போது பேசாமலிருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

நான்காவது வீடு, மயிலாப்பூர்ப் பக்கமாகக் கடற்கரையில் சிவப்பும் வெள்ளையுமாக முக்கோண வடிவில் நிற்கும் தற்காலக் கலங்கரை விளக்கம். 1977 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. இடையில் பாதுகாப்பை முன்னிட்டுப் பல வருஷம் பொதுமக்களை விடாமலிருந்து, 2013-இல் மறுபடி திறந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை, மத்தியானத்தில் சிறிது நேரம் மூடிவிடுவதால் முற்பகலிலேயே போய்விடுவது உசிதம். முட்டி வலியுள்ள அத்தைக்குக்கூடச் சிரமமில்லை, லிப்ட் இருக்கிறது.

மேல் தளத்தில் காற்று முகத்தில் அறைந்தது. தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெண்ணிற ஊசிக்கோபுரம். மேற்கே வீடுகளின் மொட்டை மாடிகளுக்கு நடுவே கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரம். அத்தை அந்தத் திக்கில் கைகூப்பினாள். வடக்கே வெகு தூரத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். வழிகாட்டி அவற்றைச் சுட்டிக் காட்டினார். "அம்மா, காலையில கடல் எங்கேன்னு கேட்டீங்களே. அதோ, அந்தத் துறைமுகச் சுவர்தான் பதில்."

1876-இல் கடலுக்குள் கல் கொட்டித் துறைமுகச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர்ப் புயலில் அது சிதைந்துபோக, மறுபடியும் கட்டி முடித்தார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதியும் அலைகள் தெற்கேயிருந்து சாய்வாக வந்து மோதுவதால், மணல் சிறிது சிறிதாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். எத்தனையோ யுகங்களாக நடந்து வந்த அந்த மணலின் யாத்திரையைத் துறைமுகச் சுவர் குறுக்கே நின்று தடுத்துவிட்டது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. கோட்டைச் சுவரை நனைத்த சமுத்திரம் பின்வாங்கிற்று. அந்த மணல்தான் இன்றைய மெரினாவின் அகன்ற பரப்பு. கிராண்ட் டப் என்னும் கவர்னர் 1880-களில் இங்கே உலாவும் பாதை அமைத்து, இத்தாலியப் பெயர் சூட்டியபோது கடல் இன்னும் சமீபத்தில்தான் இருந்தது. தெற்கில் குவிந்த மணல் வடக்கே போய்ச் சேரவேண்டிய மணலல்லவா? அது போகாததால் ராயபுரம், காசிமேட்டுப் பக்கத்தில் கடல் கரையை அரித்துத் தின்றது. மீனவர் குடிசைகளும் சாலையும் போயின. பாறாங்கற்களைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காத்து வருகிறார்கள். மாலை நேரத்தில் நாம் சுண்டல் தின்று காற்று வாங்கும் மணலில் வடசென்னைக்காரர்களின் கரை கலந்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அத்தை வடக்கையும் தெற்கையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, "கிட்டப் போய்ப் பார்க்கணும்டா" என்றாள். ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.

கீழே இறங்கி மணலில் நடந்தோம். சாலையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு வந்த பையன், முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு பட்டக்காரனைப் பார்த்துக் கணக்கை விட்டுவிட்டு, "மாமா, முதல்லேர்ந்து வரலாமா?" என்று கெஞ்சினான். நொச்சிக்குப்பத்துப் படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. ஒருவர் வலையை மடியில் பரப்பி அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். அத்தை ஈர மணலைத் தொட்டதும் நின்றாள். அலை வந்து அவள் பாதத்தை மூடிற்று. குனிந்து ஒரு கை ஜலத்தை அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டாள். பேரன் தலையிலும் தெளித்தாள். பின் என்னை அருகே கூப்பிட்டாள்.